மணல்மேட்டுக் குரல்

"ரெண்டு தடவ கூப்பிட்டாருன்னு நீயே சொல்ற, அப்புறமும் இங்கயே குந்திக்கினு—"

"மூணாவது வரலையேண்ணா, மூணாவது வந்தாத்தானே—"

"வரலைன்னா எழுந்து போய்ப் பாக்க மாட்டியா? புருஷன்டி அது!"

"அவரா இருந்தா மூணாவது கூப்பிட்டிருப்பாருல்ல!"

குமாரவேல் வேட்டியில் ஒட்டிய சருகைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சாப்பிட்டதும் மாமரத்தடியில் சாய்ந்தவன் இப்போதுதான் கண் விழித்திருந்தான். தங்கை ரஞ்சிதம் சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் அரிகிருஷ்ணனைக் காணோம்.

இந்தப் பயணமே அரிகிருஷ்ணனின் ஏற்பாடு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும், அல்ஜீரியாவில் சிப்பாயாக இருந்த கதையைக் குமாரவேல் விடவில்லை. "பாலைவனம் பாத்திருக்கியா மாப்ள?" என்று விருந்துக்கு வரும்போதெல்லாம் கேட்பான். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மாப்பிள்ளை ஒருநாள் சொல்லிவிட்டான். "கடலு, பாலைவனம், பாழடைஞ்ச ஊரு, மூணையும் சனி ஞாயிறுல நான் காட்டறேன் மச்சான். கப்பல் டிக்கெட் வேணாம்."

சனிக்கிழமை தேங்காய்த்திட்டில் மீனவன் கொளஞ்சியின் படகேறி, முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போனார்கள். முதலில் வாந்தி எடுத்தது சிப்பாய்தான். வீராம்பட்டினத்தில் கொளஞ்சி வீட்டில் படுத்து எழுந்து, ஞாயிறு காலை மணல்மேடுகளில் ஏறி இறங்கினார்கள்.

"இதுவா பாலைவனம்? பாலைவனத்தோட பேத்தி மாதிரி இருக்கு."

"பேத்திக்கே உனக்கு மூச்சு வாங்குது மச்சான்."

மதியம் அரிக்கமேடு வந்தாயிற்று. தோப்புக்குள் கூரையில்லாத ஒரு பழைய வீட்டின் தூண்கள். ஆற்றங்கரை ஓரமாய், மண்ணுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும், அதைவிட எத்தனையோ காலம் பழைய செங்கல் வரிசைகள். மழைக்குப் பிறகு அங்கே கலர் கலராய்க் கல்மணிகள் கிடைக்கும். வந்ததுமே அரிகிருஷ்ணனுக்கு ஆறு கல்மணிகள் கிடைத்தன. "செகப்புல ஒண்ணு இருந்தா நல்லாருக்கும்" என்றவள் ரஞ்சிதம். அதற்காகத்தான் கை கழுவிய கையோடு அவன் மறுபடி ஆற்றுப் பக்கம் போனான்.

"அம்மா சொன்னது மறந்துபோச்சா உனக்கு?" என்றாள் ரஞ்சிதம். "ஆள் தெரியாம பேர் சொல்லிக் கூப்பிட்டா, முதல் கூப்பாட்டுக்கு ஏன்னு கேக்கக் கூடாது. ரெண்டாவதுக்கும் கூடாது. மனுஷன்னா மூணாவது கூப்பிடுவான். அதுங்களுக்கு மூணு வராது."

"ஏன்னு கேட்டுட்டா?"

"கூடவே போயிடணும்."

"பட்டப்பகல்ல வந்து பேய்க் கதை பேசற. எந்தப் பக்கம் கேட்டுது?"

அவள் கிழக்கே மணல்மேட்டைக் காட்டினாள். "அதாண்ணா எனக்கு பயமா இருக்கு. ஆத்துக்குப் போனவரு கடல் பக்கமிருந்து எப்படிக் கூப்பிடுவாரு?"

"சுத்திக்கினு போயிருப்பான். வா."

தோப்பு முடிகிற இடத்தில் மணல் தொடங்கியது. காற்று நின்றுபோயிருந்தது. காலையில் அவர்கள் வந்த தடம் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. மூன்று பேர் தடம், கலையாமல் இருந்தது. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

"காத்து அழிச்சிருக்கும்." குமாரவேலின் குரல் இறங்கிவிட்டது.

"நம்ம தடத்த உட்டுட்டு அவர் தடத்த மட்டுமா?"

இருவரும் திரும்பினார்கள். ஆற்றுப் பக்கம் ஓடினார்கள்.

கரை விளிம்பில் செருப்பு ஜோடியாக இருந்தது. அதன்மேல் முடிச்சுப் போட்ட துண்டு, உள்ளே மணிகள். கீழே கரை சரிந்து, ஈரம் காயாத மண்ணும் செங்கல்லும் குவிந்து கிடந்தன. குவியலுக்கு வெளியே ஒரு முழங்கை தெரிந்தது.

"மாப்ள! ஏ மாப்ள!"

"மண்ணத் தள்ளுண்ணா, கத்தாதே, தள்ளு!"

நாலு கையாலும் பறித்தார்கள். ஒரு பழைய சுவர்த்துண்டு அவன் தலைக்கு மேல் குறுக்கே விழுந்து, மூக்குக்கு மட்டும் சாண் அளவு இடம் விட்டிருந்தது. வாய் நிறைய மண். ரஞ்சிதம் விரலை விட்டு வழித்து வழித்துப் போட்டாள். அவன் இருமினான். நெஞ்சு ஏறி இறங்கியது.

"உசிரு இருக்கும்மா!" குமாரவேல் அழுதான், அழுதுகொண்டே திட்டினான். "ஏன்யா ரெண்டோட நிறுத்தின? இன்னொரு தடவ கூப்பிட்டிருந்தா இவ அப்பவே வந்திருப்பாளே!"

அரிகிருஷ்ணன் அவனையே பார்த்தான். வாயில் மிஞ்சிய மண்ணைத் துப்பினான்.

"நானா? வாயத் தொறக்க முடிஞ்சாத்தானே மச்சான். சரிஞ்சதும் அடைச்சிக்கிச்சு. ஒரு தடவகூடக் கூப்பிடல."

இடுப்புக்குக் கீழே இன்னும் மண். ஆற்றில் கடல் ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குவியலின் அடியை நக்கியது.

அப்போது மணல்மேட்டுப் பக்கமிருந்து கேட்டது.

"ரஞ்சிதம்!"

அரிகிருஷ்ணனின் குரல். ரெண்டு நாளாய் உப்புக்காற்றில் கட்டிப்போன அதே தொண்டை. மண்ணுக்குள் இருந்தவன் உதடு அசையவில்லை. தன் குரலைத் தானே கேட்ட அவன் கண்கள் கிழக்கே திரும்பின. விடுபட்ட ஒரு கையை மெல்லத் தூக்கி, சேறோடு சேறாக மனைவியின் வாயைப் பொத்தினான்.

"மூணாவது" என்றான் குமாரவேல், காற்றுக்கும் கேட்காமல். "அதுங்களுக்கு மூணு வராதுன்னியே?"

அவள் தலையை ஆட்டினாள், தெரியாது என்பதுபோல. குனிந்து மண்ணைப் பறித்தாள். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். குரல் இப்போது தோப்புக்குள், மாமரத்தடிக்கே வந்துவிட்டிருந்தது.

"ரஞ்சிதம், மூணு ஆச்சேம்மா. இன்னும் ஏன்னு கேக்க மாட்டியா?"