மெனாஷே இன்னும் பேசவில்லை

1

துக்க வீட்டுக்குக் கொடுக்கும் வழக்கப்படி அவித்த முட்டைகளை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனபோது இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. துக்க வீட்டில் போய்க் கதை பொறுக்குகிறாளே என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன நயீமா அக்காவிடம் கேட்டிருந்தால், "எழுது, ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டு" என்றுதான் சொல்லியிருப்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஜெருசலேம் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு

மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: "ஹெஸ்கேலும் மெனாஷேயும் பேசிக்கொள்வதில்லை." இது உண்மை. இருக்கட்டும்.

2

இருவரும் பாக்தாத்திலிருந்து யூதர்கள் கூட்டமாக வெளியேறிய காலத்தில் ஒரே விமானத்தில், கைக்குழந்தைகளாக வந்தவர்கள். கிழவர்களாகும் வரை ஒன்றாகவே திரிந்தார்கள். பிறகு ஒருநாள் ஆட்டத்தில் ஹெஸ்கேல் பகடையை விரலால் புரட்டிவிட்டார் என்றார் மெனாஷே. (புரட்டினாரா? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.) அன்றிலிருந்து ஜெப ஆலயத்தில்கூட ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால்தான் நின்றார்கள்.

மெனாஷேயின் மனைவி நயீமா அக்கா படுத்த படுக்கையானதும் ஹெஸ்கேலைக் கூப்பிட்டனுப்பினாள். நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"எனக்கு ஒரு வாக்குக் குடு. இவரைத் தனியா விட்டுடாத."

"அவன் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்கிறானே."

"மூஞ்சியவா பாக்கச் சொன்னேன்? பக்கத்துல இருன்னுதானே சொன்னேன்."

"சரி, இருக்கேன்."

பிள்ளைகள் இல்லாத வீடு அது. இந்தக் கதை முழுவதும் அந்த "சரி"யின் மேல்தான் நிற்கிறது.

3

எங்கள் துக்க வீட்டு முறை இதுதான். ஏழு நாள் கதவைத் தாழிடுவதில்லை. இழந்தவர் வாசலைத் தாண்டாமல் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருப்பார். வந்தவர் முதலில் பேசக் கூடாது. இழந்தவர் வாய் திறக்கக் காத்திருக்க வேண்டும். அவர் தலையசைத்துவிட்டால் "போதும், போய் வாருங்கள்" என்று அர்த்தம். அதற்குமேல் உட்காரக் கூடாது.

முதல் நாளே ஹெஸ்கேல் வந்தார். கதவுநிலையிலிருந்த மெசூசா என்ற வேதச்சுருள் பேழையைத் தொட்டு விரல்களை முத்தமிட்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்தார். மெனாஷே ஊராரிடமெல்லாம் பேசினார், இவரிடம் மட்டும் பேசவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கலைந்தது. மெனாஷேயின் தலை மெல்ல அசைந்தது. ஹெஸ்கேல் சட்டென்று எழுந்து வெளியேறினார்.

வெளியேறி எங்கே போவது? வாக்கு இருக்கிறதே. வாசலை ஒட்டிய படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.*

*மெனாஷே மத்தியானத்தில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார் என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். இது சண்டைக்குப் பிறகு, முதுமை முற்றியபோது வந்த பழக்கம். ஆகவே ஹெஸ்கேலுக்குத் தெரியாது.

4

இந்த இடத்தில் எனக்கு ஹெஸ்கேல் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? ஒரு குறையாவது கிடைக்குமா என்று படிக்கட்டுக்குப் போனேன்.

"உள்ள வாங்கண்ணே. கல்லு சில்லுன்னு இருக்கு."

"தலையாட்டிட்டான், மார்செல்."

"அது தூக்கம்."

"தூக்கமோ, போடான்னானோ, யாரு கண்டா? சந்தேகம்னா துக்கத்துல இருக்கறவன் பக்கம்தான் நிக்கணும்."

"அப்ப வீட்டுக்குப் போங்க."

"அவகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்ல. அதான் அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம படியில கெடக்கேன்."

நயீமா அக்காவின் ஆன்மாவுக்காக, உண்ணும் முன் சொல்லும் ஆசியைச் சொல்லி ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். கொட்டையைப் பூந்தொட்டியில் துப்பினார். அது என் பூந்தொட்டி. குறை கிடைத்துவிட்டது, நிம்மதி.

5

ஆறாம் நாள். ஏழாம் நாளான மறுநாள், காலைத் தொழுகை முடிந்ததும் மெனாஷே முக்காலியை விட்டு எழுந்துவிடுவார். பிறகு யாரும் வர மாட்டார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்துவிட்டால், ஹெஸ்கேலுக்கு இந்தப் படியேற ஒரு சாக்கும் இருக்காது. மெனாஷேக்குப் பக்கத்தில் ஒரு ஆளும் இருக்காது.

பருப்புக் கஞ்சியை மெனாஷே முன்னால் வைத்தேன்.

"அந்தக் கழுத இன்னும் படியிலயா?" என்றார் மெனாஷே.

"ஆமா."

"நான் எங்கம்மா போகச் சொன்னேன்? கண்ணசந்துட்டேன். கண்ணத் தொறந்தா ஆளக் காணோம். தெனமும் இதே கூத்து."

"அத அவர்கிட்டயே சொல்றது."

"அவன் பகடையப் புரட்டினான்."

"புரட்டினார்தான். நானும் பாத்தேன்."

(சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.)

மெனாஷே சிரித்தார். நயீமா அக்கா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கஞ்சியை வழித்துக் குடித்தார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய், வாசலைத் தாண்டாமல், கதவுநிலைக்கு உள்பக்கம் போட்டு உட்கார்ந்தார். வெளிப்பக்கம் ஹெஸ்கேல் திரும்பிப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. முறை தெரிந்தவர். இருவரின் முழங்கால்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

வயிறு நிறைந்திருந்தது. மெனாஷேயின் கண் சொருகியது, தலை அசைந்தது. ஹெஸ்கேல் எழப் போனார். எழ முடியவில்லை. அவருடைய சட்டை நுனியை மெனாஷே கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்படியே குறட்டையும் விட்டார்.

ஹெஸ்கேல் மறுபடி உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

6

விழித்ததும் மெனாஷே சொல்லும் முதல் வார்த்தைதான் பாக்கி. எழுதிப் பார்த்தேன்.

"பகடை எங்கடா?" இனிப்பு தூக்கல்.

"மன்னிச்சுடு." செத்தாலும் சொல்ல மாட்டார்.

"கொட்டைய எங்க துப்பினே?" இது என் ஆசை, அவருடையதல்ல.

மூன்றையும் அடித்துவிட்டேன். இழந்தவர் அவர். வந்தவள் நான், முதலில் நான் பேசக் கூடாது. இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்ட நீங்களும் வந்தவர்தான். ஹெஸ்கேலுக்குக் கீழ்ப்படியில் இடமிருக்கிறது, உட்காருங்கள். மெனாஷே கண் விழிக்கட்டும்.