இரண்டு தட்டு

வெளிநோயாளிகள் பிரிவின் டோக்கன் சன்னலுக்குப் பின்னால் நின்றபடிதான் அவள் அந்த முடிவை எடுத்தாள். திங்கட்கிழமை இன்டர்வியூவுக்குப் போவது. உயரம் என்றால் பயமா என்று கேட்பார்கள். ஆமாம், தலை சுற்றும் என்று சொல்வது. சரி, போய் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

முடிவெடுத்துவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிரே நூற்று இருபதாம் டோக்கன்காரர், தனக்கு முன்னால் நூற்று இருபத்திரண்டு எப்படி உள்ளே போனது என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் பதில் சொன்னாள். கால்கள் காலையிலிருந்தே கடுத்தன.

அது அவள் கேட்ட வேலை இல்லை. அதுதான் வில்லங்கமே. ஊருக்கு வெளியே இருக்கும் பொழுதுபோக்குப் பூங்காவில் சேர வேண்டும் என்று பதினோரு வருடமாகத் தவம் கிடப்பவன் அவள் கணவன். கல்யாணமான வருடம் இருவரும் அங்கே போனார்கள். பெரிய ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்ததும், நீலச் சட்டைக்காரர் ஒருவர் வந்து மடிக்கு மேலே கம்பியை இறக்கிப் பூட்டினார். உள்ளங்கையால் அதில் இரண்டு தட்டு தட்டி, "சந்தோஷமா போய்ட்டு வாங்க" என்றார். அவள் மேலே போய் ஊரைப் பார்த்தாள். அவன் கீழே குனிந்து அந்த நீலச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து பிடித்த பிடிதான். குக்கர் மூடியைப் போட்டால் இரண்டு தட்டு. கிடங்கில் பார்சல் பெட்டியை ஒட்டி முடித்தால் இரண்டு தட்டு. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'ராட்டினம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பான். ஆறு தடவை விண்ணப்பம் போட்டான். ஆறு தடவையும் இரண்டே வரியில் பதில் வந்தது: நன்றி, உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அந்தப் பத்திரமான இடம் எங்கே இருக்கிறதோ, அந்தப் பூங்காவுக்கே வெளிச்சம்.

ஏழாவது தடவை, சும்மா துணைக்கு இருக்கட்டும் என்று அவள் பெயரிலும் ஒன்று போட்டான். தன்னுடையதை ஒரு வாரம் உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதினான். அவளுடையதைப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பத்து நிமிடத்தில் போனில் தட்டி அனுப்பினான். என்ன எழுதினான் என்று அவளும் கேட்கவில்லை. வருகிற மாதிரி இருந்தால்தானே கேட்பதற்கு.

அழைப்பு அவளுக்கு வந்தது. அவனுக்கு வழக்கமான இரண்டு வரி.

கடிதத்தை அவன் இரண்டு முறை படித்தான். பெயர் மாறியிருக்குமோ என்று ஒரு முறை, இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு முறை. "நல்லதுதானே" என்றான். அப்புறம் போய், துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களை மறுபடியும் துலக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசைதான் இன்டர்வியூ அறை. அவன் சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். அவள் இந்தப் பக்கம். வாரத்தில் கால் நீட்டிப் படுக்கக் கிடைக்கிற ஒரே மத்தியானம் இது. அவளுக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அதைவிட அதிகமாகத் தூக்கம் வந்தது.

"நிமிர்ந்து உட்காரு. சிரிச்ச முகமா இரு."

"ஆறு நாள் நின்ன கால் இது. முகம் மட்டும் எப்படிங்க தனியா சிரிக்கும்?"

"பூங்கா எந்த வருஷம் திறந்தாங்க?"

அவள் சொன்னாள். ராட்டினத்தில் எத்தனை பெட்டி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம், மழை வந்தால் எதை முதலில் நிறுத்துவார்கள், எல்லாம் சொன்னாள். மூன்று நாளாக அவன் காதில் ஓதியது. கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. தானே போகப் போகிறவன் போலப் பூரித்தான்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டிலிருந்து அவனுடைய அக்கா வந்தாள், கையில் ஒரு ஜோடி கறுப்பு ஷூவோடு. வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ போட்டு வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அவளிடம் செருப்புதான் இருந்தது.

"இந்தாம்மா. எனக்கே கொஞ்சம் கடிக்கும். ஒரு நாளைக்குப் பல்லைக் கடிச்சிக்க."

"ரொம்ப நன்றி அண்ணி."

"அவன் தலைகீழா நின்னும் கிடைக்கலை. உனக்குப் போற போக்குல கிடைச்சிருக்கு. நான் ஒண்ணும் தப்பா சொல்லலை."

தப்பாகச் சொல்லவில்லை என்று முடிகிற பேச்சு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஷூவுக்குள் காலை நுழைத்தாள். ஒரு அளவு சின்னது. அக்கா திருப்தியாகப் படி இறங்கிப் போனாள்.

"விடு, அவ எப்பவும் அப்படித்தான். கடைசிக் கேள்வி" என்றான் அவன். "உயரம்னா பயமா?"

ஒத்திகைதானே, சொல்லிப் பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. "ஆமாம். தலை சுத்தும்."

அவன் பேனாவை மேசைமேல் வைத்தான். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"போன மாசம் மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மேல ஏறி மிதவையைச் சரி பண்ணினது யாரு? நான் கீழ ஏணியைப் பிடிச்சிக்கிட்டு நடுங்கினேன். நீ மேல நின்னுக்கிட்டு, காத்து நல்லா வருதுன்னு சொன்ன."

அவள் காலிலிருந்த ஷூவைக் குனிந்து பார்த்தாள். மாட்டிக்கொண்டாள்.

"வேணும்னே சொதப்பப் போறியா?"

"அது உங்க இடங்க. நான் போய் அந்த நீலச் சட்டையை மாட்டிக்கிட்டு தினமும் வீட்டுக்கு வரணுமா? நீங்க அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடணுமா? எனக்கு அந்த ஆஸ்பத்திரி சன்னலே போதும்."

"எனக்குப் பிச்சை போடறியா?" குரல் எழும்பியது. அவன் குரல் எழும்புகிற ஆள் இல்லை. "எனக்குக் கிடைக்கலைங்கறது ஒரு வருத்தம். அதைத் தாங்கிக்கிட்டேன். நீயும் எனக்காகக் கோட்டை விட்டுட்டு வந்தா, அதை எங்க கொண்டு போய் வைப்பேன்? சாகற வரைக்கும் உன் முகத்தைப் பார்க்கறப்ப எல்லாம் அதுதான ஞாபகம் வரும்?"

ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். கதவைச் சாத்தும்போது தட்டவில்லை. அந்தச் சத்தம் வராதது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் உறை கிடந்தது. விண்ணப்பத்தின் நகல் கொண்டுவர வேண்டுமாம். காலையிலேயே கடைக்குப் போய் அச்செடுத்து வந்திருந்தான். எடுத்துப் பார்த்தாள். பெயர், வயது, முகவரி. கீழே பெரிய கட்டம்: இந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் பொருத்தமானவர்?

'பதினைந்து வருடமாக மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறேன். கத்துகிறவரிடம் நான் கத்த மாட்டேன். அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து பதில் சொல்வேன். பிள்ளை அழுதால் பெற்றவர்களிடம் கேட்க மாட்டேன், முதலில் பிள்ளையிடம்தான் பேசுவேன். வரிசையில் யார் எத்தனையாவது என்று எழுதி வைக்காமலே எனக்கு நினைவிருக்கும். பயந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும் கால் வலிக்கும். அதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.'

அவ்வளவுதான்.

வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவன் எவனாவது கால் வலியை எழுதுவானா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. கால் வலிக்கிறது என்று அவள் ஒரு நாளும் அவனிடம் சொன்னதில்லை. மருத்துவமனைக்கு அவன் வந்ததே நாலைந்து முறைதான். சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்து, வரிசை ஓரமாக நின்றுவிட்டுப் போயிருப்பான். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் இத்தனையும் எங்கிருந்து எடுத்தான்?

அவன் தன்னுடையதில் எழுதியது அவளுக்கு மனப்பாடம். ஒரு வாரம் வீடு முழுக்க வாசித்துக் காட்டினானே. ராட்டினத்தின் உயரம், பூங்கா திறந்த தேதி, அங்கே சுற்றுகிற ஒவ்வொன்றின் வேகமும். பூங்காவைப் பற்றிப் பூங்காவுக்கே பாடம் நடத்தியிருந்தான். தன்னைப் பற்றி ஒரு வரி கிடையாது. அசட்டு மனிதன்.

அவன் திரும்பி வந்தபோது அவள் விண்ணப்பத்தைப் பழையபடி உறைக்குள் வைத்திருந்தாள். அவன் வெள்ளைச் சட்டையை விரித்து, காலர், கைமடிப்பு, பொத்தான் வரிசை என்று ஒரு சுருக்கம் விடாமல் இஸ்திரி போட்டான். அந்தக் காலரை அவள் பார்க்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பின்வாசலில் விட்டான். வேலையாட்களுக்கு அந்த வாசல்தான். அவன் இதுவரை முன்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறான், இந்தப் பக்கம் வந்ததில்லை. பூட்டிய டிக்கெட் அறைகளையும் தார்ப்பாய் மூடிய மரக்குதிரைகளையும் சுற்றுச்சுவர் இடுக்கு வழியாக எட்டி எட்டிப் பார்த்தான். "அடிச்சுக் கேட்டாலும் பொய் சொல்லாதே" என்று மட்டும் சொன்னான்.

உள்ளே இருவர். கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் ஒருவர், கையில் எண்ணெய்க் கறை போகாத எஞ்சினீயர் ஒருவர். பூங்கா எந்த வருடம் திறந்தது என்று இருவரும் கேட்கவே இல்லை. அம்மாள் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நீங்களே எழுதினதா?"

பொய் சொல்லாதே என்று சொல்லியனுப்பியிருக்கிறான். "இல்லைங்க. என் வீட்டுக்காரர் எழுதினது. ஆனா அதுல இருக்கறது எல்லாம் உண்மை. கால் வலி உள்பட."

எஞ்சினீயர் சிரித்துவிட்டார்.

"அவர் ஏன் விண்ணப்பம் போடலை?"

"ஏழு தடவை போட்டுட்டாருங்க. எல்லாம் உங்ககிட்டதான் பத்திரமா இருக்கு. அவருக்கு அடுத்தவங்களைப் பத்தித்தான் எழுத வரும்."

அம்மாள் பேனாவை எடுத்தார். குறித்துக்கொண்டாரா, சும்மா கோடு போட்டாரா, அவளுக்குத் தெரியவில்லை.

"கடைசியா ஒண்ணு" என்றார் எஞ்சினீயர். "உயரம்னா பயமா?"

வாயில் தயாராக இருந்த பதில் இஸ்திரி போட்ட காலருக்குள் சிக்கிக்கொண்டது. "இல்லைங்க" என்றாள். "எனக்குப் பயம் இல்லை."

வெளியே வந்தபோது பதினொன்றரை. ஷூ இரண்டு குதிகாலையும் தின்றிருந்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். அவன் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றபடியே இருந்தான், உட்காரக்கூட இல்லை.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பயம் இல்லைன்னு சொன்னேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஒண்ணாம் தேதி வரச் சொல்லிட்டாங்க."

"எதுல போடறாங்க?"

இதைத்தான் கேட்டுவிடக் கூடாது என்று உள்ளேயிருந்து வேண்டிக்கொண்டே வந்தாள். "பெரிய ராட்டினத்துல."

அவன் சுவருக்கு மேலே தெரிந்த அந்தச் சக்கரத்தின் பாதியைப் பார்த்தான். ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தான். அவள் கையிலிருந்த ஷூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கம்பியை இறக்கினதும் ரெண்டு தட்டு தட்டணும்" என்றான் கடைசியில். "அழகுக்குன்னு நினைச்சிடாதே. பூட்டு விழுந்திருந்தா கெட்டியா சத்தம் வரும். விழலைன்னா லேசா ஆடும், உன் கைக்கே தெரியும். அந்த நீலச் சட்டை ஆள் ஒருத்தருக்குக்கூட தட்டாம விடலை. நான் பார்த்தேன்."

"எங்க, தட்டிக் காட்டுங்க."

அவன் கையைத் தூக்கினான். அப்புறம் இறக்கிக்கொண்டான்.

"இனிமே நீதான தட்டணும்" என்றான். "நீ தட்டு."

அவள் ஷூவைக் கீழே வைத்துவிட்டு, ஸ்கூட்டர் இருக்கையில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள்.

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "இன்னும் கொஞ்சம் அழுத்தி."

மறுபடியும் தட்டினாள்.