பன்னிரண்டு கிரெயின் குறைவு

என் வீட்டுக்காரர் ஆர்விட்டுக்கு எழுதுவது, கோடரி பிடிப்பது, சுடுவது எல்லாமே இடக்கை. ஆகஸ்டு மாதம் அவருடைய இடது காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது துப்பாக்கிதான். சுடும்போது அதன் பின்கட்டை வந்து பதியும் இடமும் அந்தப் பெட்டி புடைத்திருந்த இடமும் ஒன்று. வலப்பக்கம் வையுங்கள் என்று முன்கூட்டியே கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"அந்த எடத்துல அடி விழக்கூடாது," என்று டாக்டரம்மா சொன்னார். "ரெண்டு கம்பி இதயத்துக்குள்ள போகுது. வேட்டைக்குப் போறதா இருந்தா வலது தோள்ல வெச்சுச் சுடுங்க. இல்லன்னா உதைக்காத துப்பாக்கியா எடுத்துக்கங்க."

"சரிங்க டாக்டர்," என்றார் ஆர்விட், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. கார் கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பினார். "உதைக்காத துப்பாக்கியாம். பேசாம உண்டிவில் எடுத்துட்டுப் போயிடுறேன்."

அவரிடம் இருந்தது நாற்பத்தைந்து-எழுபது ரக லீவர் துப்பாக்கி. தோட்டா ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் பருமன். குழலுக்கு அடியிலுள்ள குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், முன்னதைக் குத்தி வெடிக்காதபடி குண்டின் மூக்கு தட்டையாக இருக்கும். கடைத் தோட்டாவை அவர் தொடமாட்டார். எங்கள் வீட்டு நிலவறையில் தோட்டா செய்ய மேசை, அழுத்தும் பொறி, தராசு எல்லாம் உண்டு. இந்த ரகத்துக்கு வெடிமருந்து எவ்வளவு போடலாம் என்று கையேட்டில் மூன்று பக்கங்கள் இருக்கும். முதல் பக்கம் நூறு வருடத்துக்கு முந்தைய பலவீனமான துப்பாக்கிகளுக்கு. இரண்டாவது இவருடையது போன்றவற்றுக்கு. மூன்றாவது பக்கம் எங்களுக்கு வேண்டாதது. ஆர்விட் இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியை ஒட்டி நிறுத்துப் போடுவார். கிட்டத்துப் பார்வை மங்கிய பிறகு தராசின் முள்ளைப் படித்து, குன்றிமணியில் பாதி எடையுள்ள கிரெயின் கணக்கில் சொல்வது என் வேலையாயிற்று.

அவருடைய தம்பி வைனோ அதே ரகத் துப்பாக்கிக்கு முதல் பக்கத்து அளவு போதும் என்பவன். முப்பது வருடமாக இருவருக்கும் இதே வாய்ச்சண்டை.

"அது மானு ஆர்விட், ரயில் இன்ஜின் இல்ல. மொதப் பக்கத்து மருந்தே ரெண்டு விலாவையும் தொளைச்சிட்டு அந்தாண்ட மரத்துல போயி நிக்கும்."

"மொதப் பக்கம் மியூசியத்துல இருக்குற துப்பாக்கிக்கு. அப்புறம் உன் தோளுக்கு."

அந்த வருடத்துக்கான இருபது தோட்டாக்களை ஆர்விட் ஜூலையிலேயே செய்து வைத்துவிட்டார். செப்டம்பரில் வலது தோளில் வைத்துப் பார்த்தார். கொல்லையில் காலிப் பெயின்ட் டப்பாவைக் குறிபார்த்து, சுடாமலேயே துப்பாக்கியை இறக்கினார். "குறி பாக்குற கண்ணு மாறாது சைமா," என்றார். இடது தோளுக்கு ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். எதுவும் நடக்கவில்லை.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை வைனோ அவரை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனான். போய்வர மூன்று மணி நேரமாகும். நான் நிலவறைக்கு இறங்கினேன். இருபது தோட்டாவிலும் குண்டைப் பிடுங்கி, மருந்தில் ஒரு பங்கை வெளியே எடுத்து, மிச்சத்தை முதல் பக்கத்து அளவுக்கு நிறுத்து, அதே குண்டை அதே ஆழத்தில் திரும்பப் பதித்தேன். வெளிப் பார்வைக்கு எதுவும் தெரியாது. எடுத்த மருந்தைப் பழைய டப்பாவில் கொட்ட முடியாது. எத்தனை மிச்சம் என்று அவர் டப்பாவின் மேல் பென்சிலால் கோடு போட்டிருப்பார். ஒரு ஜாம் பாட்டிலில் ஊற்றித் தையல் துணிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

லேசான மருந்து என்றால் குண்டு மெதுவாகப் போகும், தூரத்தில் தாழ்ந்துவிடும். எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் ஆர்விட் உட்காரும் இடம் தேவதாருச் சதுப்பு. அங்கே ஐம்பது அடி எடுத்து வைத்தால் மானின் மேலேயே முட்டிக்கொள்ளலாம். அந்தத் தூரத்துக்கு இரண்டு அளவும் ஒன்றுதான். வசந்தத்தில் காகிதக் கம்பெனி அந்தச் சதுப்பின் வடபுறத்தை மொட்டையாக வெட்டியதும் எனக்குத் தெரியும். அதை விறகாக நினைத்தேனே தவிர, தூரமாக நினைக்கவில்லை.

மான் வேட்டைச் சீசன் நவம்பர் பதினைந்தில் திறக்கும். சாமான்களை வைனோ செவ்வாய்க்கிழமையே தன் வண்டியில் காட்டிலுள்ள வேட்டைக் குடிலுக்குக் கொண்டுபோய்விட்டான். தோட்டாப் பெட்டியும் அதில் போயிற்று. ஆர்விட் வெள்ளிக்கிழமை மாலை போனார். ஞாயிறு மதியம் இருவரும் திரும்பி வந்தார்கள். நான் அடுப்பில் இறைச்சி அடைத்த பேஸ்டி சுட வைத்திருந்தேன். வண்டி நிற்கும் முன்னே வைனோவின் குரல் கேட்டது.

"சைமா! வெளிய வா! உன் வீட்டுக்காரரு சட்டையப் பாரு!"

ஆர்விட்டின் கம்பளிச் சட்டையில் பின்பக்க வால் இல்லை. மானைச் சுட்டுத் தவறவிட்டவனின் சட்டை வாலை அறுத்து, பெயரும் வருடமும் எழுதிக் குடில் சுவரில் ஆணியடிப்பது எங்கள் வழக்கம். வைனோவின் வால்கள் அங்கே ஏழு தொங்கின. ஆர்விட்டினுடையது முப்பத்தொரு வருடத்தில் ஒன்றுகூட இல்லை.

"நூத்தெழுவது கஜம். வெட்டவெளி. எட்டுக் கெளைக் கொம்பு. சும்மா நின்னுச்சு," என்றான் வைனோ. "இவன் சுட்டான், வயித்துக்குக் கீழ மண்ணு தெறிச்சுது. எவன்டா கல்லெறியுறான்னு மானு திரும்பிப் பாத்துட்டுப் போச்சு!"

"போதும்," என்றார் ஆர்விட்.

"கத்திய நான் வெள்ளிக்கெழமையே தீட்டி வெச்சிட்டேன் சைமா. மனசுல ஏதோ சொல்லுச்சு."

இதைக் கேட்டு ஆர்விட் தலை தூக்கித் தம்பியைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வைனோ சாப்பிட்டுவிட்டுப் போனதும் சட்டைப் பையிலிருந்து காலிக் கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பித்தளையின் வாயைச் சுற்றிக் கரி.

"பாத்தியா? அழுத்தம் பத்தலன்னாதான் இப்பிடிக் கரி படியும். என் தோட்டால ஒரு நாளும் படிஞ்சதில்ல. கீழ வா."

நிலவறையில் இன்னொரு தோட்டாவின் குண்டைப் பிடுங்கி மருந்தைத் தட்டில் கொட்டினார். பூதக்கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. "எவ்வளவு காட்டுது, சொல்லு," என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். உண்மை முழுவதையும் சொல்லியிருக்கலாம். நான் முள்ளை மட்டும் படித்தேன்.

"பன்னெண்டு கிரெயின் கொறையுது."

"பன்னெண்டு." அவர் விளக்கைப் பார்த்தபடி நின்றார். "அப்படியே மொதப் பக்கத்து அளவு."

"ஜூலையில நீயே தப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"நான் தப்பா நிறுத்தேனா? நீதான பக்கத்துல ஒக்காந்து படிச்ச?" பிறகு, மெதுவாக: "செவ்வாக்கெழமையிலேர்ந்து பெட்டி யாருகிட்ட இருந்துச்சு?"

நாளைக்குச் சொல்லலாம், கோபம் ஆறட்டும் என்று நினைத்தேன்.

கோபம் ஆறவில்லை. அது நடந்துபோனவற்றைத் திரும்பப் படிக்க ஆரம்பித்தது. வைனோ முன்கூட்டித் தீட்டிய கத்தி. "நீ வெட்டின பக்கமா ஒக்காரு, நான் ஆத்துப்பக்கம் போறேன்" என்று அவன்தான் சொன்னானாம். இரண்டு வருடத்துக்கு முன் மரம் அறுக்கும் ரம்பத்தை மழுங்கத் திருப்பிக் கொடுத்தது. அவன் வீட்டிலும் தோட்டா செய்யும் பொறி ஒன்று இருப்பது. ஆர்விட் காபியைக் கலக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றும் பொருந்தியது. செய்தவள் நான் என்று தெரிந்திருந்தும், கேட்கக் கேட்க எனக்கே வைனோமேல் லேசாகச் சந்தேகம் வந்த வேளைகள் உண்டு.

சனிக்கிழமைதோறும் வைனோ எங்கள் வீட்டு சவுனாவில் நீராவிக் குளியலுக்கு வருவான். டிசம்பர் முதல் சனியன்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆர்விட் கதவைக் கால்வாசிதான் திறந்தார்.

"அடுப்பு பத்தல."

"பொகை வருதே."

"பத்தல."

வைனோ புகைபோக்கியையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு துண்டுத் துணிக்கா இவ்வளவும்? வேணும்னா என் சட்டை முழுசையும் அறுத்துக்க."

"ஒனக்குத் தெரியும் எதுக்குன்னு."

"எனக்கு எதுவுமே தெரியாது, கெழட்டு மடையா," என்று சொல்லிவிட்டுப் பனியில் நடந்துபோனான். ஜன்னலருகே நான் நின்றதை அவன் பார்த்தான். கையசைத்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். கம்பிகள் அசையாமல் இருக்கின்றன என்றார்.

"சுட்டீங்களா?"

"ஒரு தரம்," என்றார் ஆர்விட்.

"அதே துப்பாக்கியாலயா? இடது தோள்லயா?" அவர் படத்தை மறுபடி பார்த்தார். "அதிர்ஷ்டசாலிதான் நீங்க."

நான் என் கையுறையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரிக் கடைசியில் ஆர்விட் நில அளவைக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். குடில் இருந்த நாற்பது ஏக்கர் அவர்கள் அப்பா இருவர் பேருக்கும் சேர்த்து விட்டுப்போனது. புதன்கிழமை ஆள் வந்து நடுவே கோடு போடுவான். குடில் இந்தப் பக்கம், வைனோ அந்தப் பக்கம். அறுபத்தொன்பது வயதில், இருக்கும் ஒரே தம்பியை, நான் செய்த காரியத்துக்காக வெட்டி எறியப் போகிறார். செவ்வாய் மதியம் சூப்புக் கிண்ணங்களை எடுத்து வைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"மருந்தைக் கொறைச்சது நான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. பரிதாபம்தான் இருந்தது.

"அவன் வந்தானா இங்க? நான் தூங்குறப்ப வந்து அழுதானா?"

"யாரும் வரல. நான்தான் செஞ்சேன். அக்டோபர்ல, நீ ஆஸ்பத்திரிக்குப் போனன்னிக்கு. ஒன் நெஞ்சுக்காக."

"அவனைக் காப்பாத்துற."

"ஆர்விட்..."

"நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி டான்ஸ் ஹால்ல அவன்கூடத்தான மொதல்ல ஆடின? நான் மறந்துட்டேன்னு நெனச்சியா?"

"அவன் என் கால மிதிச்சான், அதான் ஒங்கிட்ட வந்தேன்!" என்று கத்தினேன். நாற்பத்தோரு வருடமாக இப்படி ஒன்று அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

மாடிக்குப் போய்த் தையல் துணிகளுக்குப் பின்னாலிருந்து ஜாம் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். "நிறுத்துப் பாரு."

அவர் என்னைப் படிக்க விடவில்லை. பூதக்கண்ணாடியைத் தானே தேடி எடுத்தார். தட்டுத் தட்டாக நிறுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். மொத்தம் இருநூற்று முப்பத்தொன்பதரை கிரெயின். இருபதால் வகுத்தார். ஒரு தடவை சரிபார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

"இருபதுக்கும் செஞ்சியா?"

"இருபதுக்கும்."

"ஒண்ணையாவது எனக்கு விட்டு வெச்சிருக்கலாம்."

"எந்த ஒண்ணு மொதல்ல குழாய்க்குள்ள போகும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் பாட்டிலை மூடினார். "அதுகூடப் பரவாயில்ல சைமா. அன்னிக்கு இங்க நின்னு, பன்னெண்டு கொறையுதுன்னு நீயே படிச்சுச் சொன்ன. மூஞ்சி மாறல. அதைத்தான் நெனச்சுப் பாக்குறேன்."

அளவைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வைனோவைத் தொலைபேசியில் அழைத்தார். என்ன பேசினார்கள் என்று முழுதாகக் கேட்கவில்லை. வைனோ சிரித்த சிரிப்பு மட்டும் அறைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. சனிக்கிழமை சவுனாவுக்கு வந்தவன் முற்றத்தில் என்னிடம் நின்றான்.

"ரெண்டரை மாசம் என்னைத் திருடனாக்கிட்டியே. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே செஞ்சு குடுத்திருப்பேன். பட்ட பழியாவது நெஜமா இருந்திருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அதன் பிறகு எங்கள் வீட்டில் நான் இருக்கும் அறையில் அவன் அதிக நேரம் உட்கார்ந்ததில்லை.

ஆர்விட் அடுத்த நாளே ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாரம் முழுவதற்குமான மாத்திரைகளை நான்தான் ஏழு கட்டப் பெட்டியில் போட்டு வைப்பேன். அன்று காலை அவர் கட்டத்தைத் திறந்து மாத்திரைகளைத் தட்டில் கொட்டினார். பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றின் மேலிருந்த எழுத்தையும் பார்த்து, மருந்துக் கடைச் சீட்டோடு ஒப்பிட்டார்.

"நான் எதையும் மாத்தல."

"தெரியும்," என்றார். அடுத்ததைத் திருப்பினார்.

காபியை முகர்ந்துவிட்டு, "இது முழுக் காபிதானா?" என்று கேட்பார். உப்பு குறைந்திருந்தால் நிமிர்ந்து பார்ப்பார். கடுமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்ப அந்த வியாழக்கிழமை வந்தால் இதையேதான் செய்வேன் என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் சரிபார்த்தார்.

ஏப்ரல் மாதம், ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கிய வாரம், அவருக்கு மூச்சு வாங்கியது. எழுந்து உட்காரவே முடியவில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை நான் நான்கு மாத்திரைகளைத் தட்டில் எடுத்துப்போனேன். பூதக்கண்ணாடிக்காகக் கை நீட்டினார், கொடுத்தேன். தட்டை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகத் திருப்பினார். மூன்றாவது விரல்களுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே இருந்தது. நான் அதைப் புரட்டி எழுத்து மேலே தெரியும்படி வைத்தேன். படித்தார். தலையசைத்தார். பிறகு நான்கையும் விழுங்கினார். தண்ணீர் டம்ளரை நான் வாயருகே பிடித்தேன்.

பதினொரு மணிக்குப் போய்விட்டார்.