கண்மணியின் வலது கை

பிறந்தபோது கண்மணி எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தாள். நாலாம் மாதத்தில் ஒருநாள் பசியில் வீறிட்டு அழுதவளின் உதடும் நகமும் நாவல்பழ நிறத்துக்கு மாறின. மூச்சிரைத்துக் கண் செருகிவிட்டது. தாய் சந்திரமதி பிள்ளையை வாரிக்கொண்டு நோரிஸ் ரோட்டு வீட்டு மாடிப்படிகளில் ஓடி இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் விஷயத்தைச் சொன்னார்கள். பிறவியிலேயே இதயத்தின் உள்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். அதனால் சுத்தமாகாத ரத்தமும் கலந்தே உடம்பில் ஓடுகிறது. அழுதால் இன்னும் மோசமாகும்.

அன்றிலிருந்து சந்திரமதி பிள்ளையை அழவிடவே இல்லை. சிணுங்குமுன் தூக்கிவிடுவாள். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன் அந்தச் சின்ன வலது மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பாள். குருவிக்குஞ்சு போல ஒரு துடிப்பு. அது விரலில் பட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் தொடங்கும்.

அப்படியும் பிள்ளை எடை ஏறவில்லை. நீலம் பாரிப்பதும் அடிக்கடி வரத் தொடங்கியது. எட்டாம் மாதத்தில் டாக்டர் இராஜசிங்கம் தகப்பனை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுப் பேசினார். பஸ் கண்டக்டரான தங்கராஜு காக்கிச் சட்டையோடு உள்ளே போய், வெகுநேரம் கழித்து வெளியே வந்தான்.

"ஆபரேஷன் பண்ணணுமாம் மதி."

"பண்ணினா சரியாயிடுமா?"

"முழுசா ஆவாது. ஓட்டை அப்படியேதான் இருக்கும். நுரையீரலுக்கு ரத்தம் கூடப் போறதுக்கு வழி பண்ணுவாங்களாம். நீலம் குறையும், பிள்ளை தேறும். மத்தது வளந்தப்புறம்."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒன்னும் இல்ல" என்றான் அவன். சம்மதக் கையெழுத்தும் போட்டுவிட்டிருந்தான்.

ஆபரேஷன் அன்று இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் வாங்கி வந்த பன்னும் காப்பியும் தொடாமல் ஆறின. மாலையில்தான் டாக்டர் வந்து, பிள்ளை தாங்கிக்கொண்டது என்றார்.

மறுநாள் உள்ளே விட்டார்கள். கண்மணியின் உதடுகள் சிவந்திருந்தன. தன் பிள்ளையின் நகங்களில் இப்படி ஒரு ரோஜா நிறத்தைச் சந்திரமதி வெகுநாளாகப் பார்த்ததில்லை. சிரிப்பும் அழுகையுமாக, பழக்கத்தில் அந்த வலது மணிக்கட்டைத் தொட்டாள்.

துடிப்பு இல்லை. விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கை சில்லிட்டிருந்தது.

"சிஸ்டர்! பிள்ளைக்கு நாடி ஓடல!"

அவள் போட்ட சத்தத்தில் டாக்டரே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துத் தமிழில் நிதானமாகப் பேசினார். "பயப்பிடாதேங்கோ அம்மா. மற்றக் கையைப் பிடிச்சுப் பாருங்கோ, துடிக்குது. வலக்கைக்குப் போற பெரிய ரத்தக்குழாயை வெட்டித்தான் நுரையீரலுக்குத் திருப்பியிருக்கு. அதாலதான் பிள்ளை சிவந்திருக்கிறா. கைக்குச் சின்னக் குழாயளால ரத்தம் வரும், பழுதாகாது. இதெல்லாம் உங்கட அவரிட்டச் சொன்னனே."

சந்திரமதி திரும்பிப் பார்த்தாள். தங்கராஜு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கிச் சிராங்கூன் ரோட்டில் நடக்கும்போதுதான் அவள் கேட்டாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"கைக்குப் போற குழாயை வெட்டுறாங்கன்னு சொன்னா, வேணாம்னுடுவியோன்னு பயந்துட்டேன்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ராத்திரி பூரா அழுதிருப்பேன். விடிஞ்சதும் சரின்னு சொல்லியிருப்பேன். நான் பெத்த பிள்ளை அது. அந்த ஒரு ராத்திரியக்கூட எனக்கு நீங்க குடுக்கல."

"தப்புதான் மதி" என்றான், வீட்டு வாசலுக்கு வந்தபிறகு. அவள் சோறு போட்டாள், துணி துவைத்தாள். பிள்ளை வீடு திரும்பும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்த கண்மணி ஒருநாள் பாலுக்குத் தொண்டை கிழியக் கத்தினாள். அடுப்படியிலிருந்து ஓடி வந்த சந்திரமதி, சிவந்தே இருந்த அந்த உதட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கடை வேலை முடிந்து படியேறிய பக்கத்து அறை நூருன்னிசா, "என்ன புள்ள, இப்படி அழவிட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று கடிந்துகொண்டாள்.

கண்மணி மெல்ல எடை ஏறினாள். நடந்தாள், பேசினாள். வலது கை மட்டும் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அந்தக் கையாலேயே சோறு அள்ளித் தின்றாள், தகப்பனின் டிக்கெட் கட்டைப் பிய்த்துப் போட்டாள். மூன்று வயதானபோது மாடியேறுகையில் பாதிப் படியில் குந்திக்கொண்டாள். உதட்டோரம் மறுபடி லேசாகக் கறுத்தது.

டாக்டர் இராஜசிங்கம் பரிசோதித்துவிட்டு, இனி இதயத்தையே திறந்து செய்யும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். மேசைக்கு முன்னால் ஒரே நாற்காலிதான் இருந்தது. தங்கராஜு அதை மனைவி பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் நின்றான்.

"அவகிட்ட சொல்லுங்க டாக்டர்."

சந்திரமதி உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க வெட்டுவீங்க? எதை அடைப்பீங்க? இதயத்தைத் திறந்து வச்சிருக்கறப்ப பிள்ளைக்கு ரத்தம் எப்படி ஓடும்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு அவளுக்குக் குரல் இறங்கியது. "பிழைக்காமப் போறதும் உண்டா?"

"உண்டு அம்மா" என்றார் டாக்டர். பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து பொறுமையாகச் சொல்லத் தொடங்கினார்.