கானா ரேக்கில் கிடந்த கேசட்

வியாசர்பாடிப் பையன்கள் பாடினால் அது கானாவாகத்தான் இருக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? கானா எங்கள் பாட்டு. சாவிலும் கல்யாணத்திலும் அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதை இளக்காரமாகப் பேசினால் யாரையும் விடமாட்டேன். ஆனால் 'எட்டாம் பிளாக்' குழு பாடியது கானா இல்லை. ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, சத்தம் போடாத குரல். கேசட்டின் பெயர் 'சிக்னல் விழல'. பாடியவன் எங்கள் ஹவுசிங் போர்டு செங்குட்டுவன். கிட்டார் ராயபுரத்து வால்டர்.

வண்ணாரப்பேட்டையில் மதார் சாகிப்பின் ரெக்கார்டிங் கடையில் நான் கவுண்டர் பார்த்தேன். கேசட் வந்த அன்றைக்கே பாய் அட்டையைத் திருப்பி, வியாசர்பாடி விலாசத்தைப் பார்த்து, கானா ரேக்கில் சொருகினார். பாட்டைக் கேட்கக்கூட இல்லை. நான் எடுத்து பாப் ரேக்கில் வைப்பேன். அவர் மறுபடி கானாவில் வைப்பார். கானா என்று வாங்கிப் போனவர்கள், "இன்னா இது, இங்கிலீஸ் பாட்டு கணக்கா கீது?" என்று திருப்பிக் கொண்டுவந்து எறிந்தார்கள். பாப் தேடி வரும் காலேஜ் பிள்ளைகளோ கானா ரேக் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். வயிறு எரியுமா எரியாதா?

அதில் என்ன இருந்தது தெரியுமா? பேசின் பிரிட்ஜில் சிக்னல் விழாமல் நிற்கிற ரயிலில் ஒருத்தன் உட்கார்ந்து, இன்றைக்கும் மேஸ்திரி திட்டுவான் என்று பாடுவான். எண்ணூரில் காயப்போட்ட பள்ளிக்கூடச் சட்டைமேல் பவர் ஹவுஸ் சாம்பல் விழும், அம்மா மறுபடி துவைப்பாள், அது ஒரு பாட்டு. கடைசிப் பாட்டில் ஒரு பெண் 'வேணாம்' என்பாள். அவன் 'சரி' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவான். துரத்த மாட்டான், சாபம் விடமாட்டான். முதல் தடவை கேட்டு நான் கடையிலேயே அழுதேன். "இன்னாம்மா ரமாபாய், அந்தப் பையன லவ் பண்றியா?" என்று பாய் சிரித்தார். பாட்டு பிடித்தால் பாடினவனையும் பிடித்தாக வேண்டுமாம்! அவனோடு நான் நாலு வார்த்தை பேசினதில்லை.

விற்காததெல்லாம் கம்பெனிக்கே திரும்பிப் போனது. கம்பெனியும் இழுத்து மூடிவிட்டது, மாஸ்டர் டேப்பும் போன இடம் தெரியவில்லை. செங்குட்டுவன் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போய்விட்டான். அவனிடமே ஒரு கேசட் இல்லை. என்னுடையதை வீட்டு டேப் ரெக்கார்டர் கடித்துத் துப்பிவிட்டது. திருப்பி அனுப்பும்போது விட்டுப்போன ஒன்றே ஒன்று கடை ரேக்கில் மிச்சம் இருந்தது.

2003-ல் புதிதாக வந்த ஓர் எஃப்.எம்.மில், யாரும் கேட்காத உள்ளூர்க் குழுக்களுக்கு நிகழ்ச்சி வைத்தார்கள். போன் போட்டேன். ஞாயிறு சாயங்காலத்துக்குள் கேசட்டைக் கொண்டுவந்தால் முழுசும் போடுவதாகச் சொன்னார்கள். ஞாயிறு காலை கடைக்கு ஓடினால் ரேக்கில் அது இல்லை.

"பாய், எட்டாம் பிளாக் கேசட்டு எங்க?"

"அதுவா? மூலக்கொத்தளம் கிருஷ்ணப்பன் தன் பொண்ணு சடங்குக்கு சினிமா பாட்டு கேட்டான். பிளாங்க் கேசட்டு தீந்துபோச்சு. அதான் அது மேலயே அடிச்சுக் குடுத்துட்டேன்."

பாட்டு அழியாமலிருக்கக் கம்பெனிக் கேசட்டின் தலையில் விட்டிருக்கும் ஓட்டைமேல் ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும், எந்தக் கேசட்டிலும் மேலே பதியலாம். எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் நடக்கிறதுதான்.

"உனக்குக் காதுன்னு ஒண்ணு கீதா பாய்?" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். ஒரு பக்கமாவது தப்பியிருக்காதா என்கிற நப்பாசை.

மூலக்கொத்தளத்தில் தெரு முனையிலேயே ஸ்பீக்கர் அலறியது. பந்தலில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நின்ற கிருஷ்ணப்பனிடம் கேசட்டைக் கேட்டேன்.

"ஃபங்சன் நடக்குதும்மா, பேஜார் பண்ணாத. ரெண்டாவது பக்கம் ஓடுது, முடியட்டும்."

முதல் பக்கம் பூராவும் சினிமா பாட்டுதானாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இந்தப் பக்கமும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு டூயட் நின்றது. கொஞ்சம் உஸ்ஸென்று இரைச்சல். பிறகு வால்டரின் கிட்டார். பாய் மேலே பதிந்த சினிமா பாட்டு டேப் முடிகிறவரை நீளவில்லை. கடைசிப் பாட்டின் பின்பாதி தப்பித்துவிட்டது!

"டேப்பு போச்சுடா, மாத்து!" என்று ஒருத்தன் கையை நீட்டினான். நான் குறுக்கே பாய்ந்தேன்.

"எவனாச்சும் கைய வெச்சீங்க, மருவாத கெட்டுடும்!"

அவன் நீட்டின கையை இழுத்துக்கொண்டான். 'சரி, நான் வரேன். நீ பத்திரமாப் போ' என்று செங்குட்டுவன் பாடினான். பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த பெண் தலையை நிமிர்த்தி ஸ்பீக்கரையே பார்த்தாள். டேப் முடிந்து பட்டனும் எகிறிவிட்டது.

கிருஷ்ணப்பன் என்னிடம் வந்தார். "ஷோக்காக் கீதும்மா. யார் பாடுனது?"

"எட்டாம் பிளாக். நம்ம வியாசர்பாடி பசங்க."

"நம்ம பசங்களா? முழுசாக் கேக்கணுமே. இந்தக் கேசட்டு எங்க கெடைக்கும்?"

கேசட்டை வெளியே எடுத்து, செல்லோடேப் ஒட்டிய தலையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இதான் நைனா அது. இத அழிச்சிட்டுத்தான் காலைலேர்ந்து உனக்கு சினிமா பாட்டு ஓடிக்கினு இருந்திச்சு."