வாலில் தெரிந்த பச்சை

மீன் கருவில் துடுப்பு எங்கே முளைக்க வேண்டும் என்று முடிவு செய்கிற புரதம் ஒன்று உண்டு. அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைப் போட்டால், புரதம் இருக்கிற இடமெல்லாம் நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிரும். துடுப்பில் மட்டுமல்ல, வாலிலும் பச்சை தெரிகிறது என்று முதலில் கண்டவள் ஆய்வகத்தின் மூத்த மாணவி. அந்த ஒரே படத்தால் அவளுக்கு அங்கே தனி மதிப்பு.

அதை வேறு முறையில் உறுதிப்படுத்தும் வேலை, வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் இளைய மாணவிக்கு வந்தது. எட்டு மாதமாகியும் வாலில் அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு வேலை செய்வதற்கான சுவடே கிடைக்கவில்லை.

"என் கை ராசியப் பாருங்கக்கா. உங்களுக்குப் பச்சைப் பசேல்னு வர்ற வாலு, எனக்கு மட்டும் கரிக்கட்டை!"

மூத்தவள் பதிலுக்குச் சிரித்துவைத்தாள். சிரித்த வாய் கசந்தது.

படம் எடுத்த மறுவாரமே, அந்த மரபணுவை நீக்கிய கருக்களிலும் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்திருந்தாள். துடுப்பு இருண்டிருந்தது. வால் பச்சையாகவே இருந்தது. புரதமே இல்லாத கருவில் ஆன்டிபாடி எதைப் பிடித்தது? ஆன்டிபாடியைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பேன் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, கண்ணாடித் தகடுகளைக் குப்பையில் போட்டாள். நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. மறுபடி செய்யவும் இல்லை.

வாரக் கூட்டத்தில் வாயாடியின் படங்களைப் பார்த்துவிட்டு, ஆய்வகத் தலைவியான மேடம் பேனாவை மூடினார்.

"எட்டு மாசம்மா. உனக்கு இந்த வேலை ஒத்துவரலன்னு நினைக்கறேன். இந்த மாசத்தோட நிறுத்திக்கலாமா?"

வாயாடி தலைகுனிந்தாள். "அக்காகிட்ட இன்னொரு தடவை கத்துக்கறேன் மேடம். தப்பு எங்கேன்னு அவங்க சொல்லிடுவாங்க."

மூத்தவளுக்குக் காது மடல் சுட்டது.

"அவ மேல தப்பில்ல மேடம். வால்ல ஒண்ணுமே கிடையாது."

"நீதானே பார்த்தே?"

"மரபணுவை எடுத்த கருவுலயும் வால் பச்சையாத்தான் இருந்துச்சு. போன வருஷமே பார்த்தேன். தூக்கிப் போட்டுட்டேன்."

மேடம் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இன்னைக்கே மறுபடி பண்ணு. அவளும் உன்கூட நிக்கட்டும்" என்றதோடு எழுந்து போய்விட்டார்.

ஆய்வகத்தில் மூத்தவள் கையுறை மாட்டிக்கொண்டாள். பக்கத்தில் வாயாடி நோட்டைப் பிரித்து, தேதியும் நேரமும் எழுதினாள்.

"ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே பண்ணுங்க. நான் எழுதிக்கறேன்."

மூத்தவள் நிமிராமலே சொல்லத் தொடங்கினாள்.