வெளுத்த குட்டி

வெள்ளிக்கிழமை சாயங்காலம். அடுப்பில் பால் பொங்கி வரும் நேரம் பார்த்து, ராஜீவ் மாமா பாம்பு அறையிலிருந்து கத்தினார். "ஸ்வாதி, ஆரம்பிச்சிருச்சு!" அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன். எனக்கு நாலாம் மாதம், அவசரமாக நடந்தால் இடுப்பைப் பிடிக்கிறது. ஆனாலும் ஓடினேன். அந்தப் பாம்பின் பிரசவத்தின் மேல் நான் மனதுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். மாமாவுக்கு அது தெரியாது.

வளைகுடாவில், ஈசா டவுனில் இந்த வீட்டுக்கு வந்தபோது வேலைக்காரிக்கென்று கட்டிய சின்ன அறை ஒன்று சும்மா கிடந்தது. மற்ற வீட்டு ஆண்கள் லீவு நாளில் கிரிக்கெட் ஆடப் போவார்கள். கட்டடங்களுக்கு ஏ.சி. டிசைன் செய்யும் என் வீட்டுக்காரர், அதான் ராஜீவ் மாமா, அந்த அறையில் போவா வளர்க்க ஆரம்பித்தார். மலைப்பாம்புக்குத் தூரத்துச் சொந்தம், விஷம் கிடையாது, முட்டையிடாமல் குட்டி போடும். யாரிடமும் இல்லாத நிறத்தில் ஒரு குட்டி எடுக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பைத்தியம். ஒரு பெட்டியின் மூடியில் மார்க்கரால் நாலு கட்டம் போட்டு எனக்குப் பாடமே எடுத்திருக்கிறார். அண்ணன் பாம்பு பழுப்பு, தங்கச்சியும் பழுப்பு. ஆனால் இரண்டுக்குள்ளும் வெளுப்பு ஒளிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் நாலில் ஒன்று வெளுத்துப் பிறக்கும்.

"சீ, அண்ணனும் தங்கச்சியுமா?" என்றேன்.

"பாம்புக்கு என்னடி முறை?" என்று சிரித்தார்.

எங்களுக்கு முறை இருந்தது. அவர் என் அம்மாவின் கடைசித் தம்பி. வெளியில் கொடுத்தால் பெண் என்ன பாடுபடுவாளோ என்று மதுரையில் எல்லோரும் கூடிப் பேசி முடித்தார்கள். சொந்தம்தானே என்று ஜாதகம்கூடப் பார்க்கவில்லை. நல்ல மனுஷன்தான், இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் ரக்ஷிதாவுக்கு ஏழு வயது. விளக்கு வைக்கும் நேரமானால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறாள். போன மாதம்தான் கண் டாக்டரிடம் காட்டினோம். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே போகும், மருந்து கிடையாது என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். நீங்கள் இருவரும் சொந்தமா என்று கேட்டார். ஆமாம் என்றதும் ஒரு தாளை இழுத்து நாலு கட்டம் போட்டார். பெட்டி மூடியில் மாமா போட்ட அதே கட்டம். மாமா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னால், "நம்ம வம்சத்துல யாருக்குடி கண்ணு அவிஞ்சு போச்சு? வாயைக் கழுவு" என்கிறாள். அதனால்தான் பந்தயம். ஒரு குட்டிகூட வெளுத்துப் பிறக்காவிட்டால் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. படித்தவள் இப்படி நினைக்கலாமா என்றால், பயத்துக்கு ஏது படிப்பு?

தாய்ப்பாம்பு, அந்தத் தங்கச்சி, மிரளக் கூடாதென்று டியூப்லைட்டை அணைத்து வைத்திருந்தார். வராந்தா வெளிச்சம் மட்டும் உள்ளே விழுந்தது. பெட்டிக்குள், மெல்லிய சவ்வுக்குள் சுருண்டபடி குட்டிகள் ஒவ்வொன்றாக வழுக்கி வந்தன. பழுப்பு. மறுபடி பழுப்பு. மீனாட்சி, மீனாட்சி என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் மண்டியிட்டிருந்த மாமாவின் உதடும் அசைந்தது. அவர் வேண்டியது வேறு.

"மாமா, டாக்டர் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"எதுன்னு உங்களுக்கே தெரியும்."

துண்டால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "போன வருஷம் ரக்ஷிதா தியேட்டர் படியில விழுந்தாள்ல... அப்பவே தோணுச்சு."

"அப்பறம் எதுக்கு இன்னொரு பிள்ளை வேணும்னு என்னைக் கேட்டீங்க?"

"நாலுல மூணு நல்லா இருக்குமேடி." துண்டை முறுக்கினார். "பாம்புக்கெல்லாம் அப்படித்தானே பாத்துப் பாத்து..."

அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. கை எழவும் செய்தது. அந்நேரம் பார்த்து இன்னொரு குட்டி வெளியே வர, இரண்டு பேருமே சட்டென்று குனிந்தோம். அந்த நிமிஷத்திலும் குனிந்தோமே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதுவும் பழுப்புதான். தாய்ப்பாம்பு அசையாமல் கிடந்தது. முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போது அதன் உடம்பு மறுபடி இறுகியது. கடைசியாக வந்த சவ்வுக்குள் வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒன்று சுருண்டிருந்தது. அந்த மங்கலிலும் பளிச்சென்று தெரிந்தது. இத்தனை வருஷம் இதற்காகத் தவம் கிடந்த மனுஷன் கத்தவில்லை. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். நான் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, பேபீஸ் வந்தாச்சா?" கதவு நிலையைத் தடவியபடி ரக்ஷிதா உள்ளே வந்தாள். என் தோளைத் தொட்டுப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, வெளுத்த குட்டி சவ்வைக் கிழித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டியது.

"எங்க மம்மி? வேர் ஆர் தே?"

அவள் பெட்டிக்குள் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு சிரித்துக்கொண்டே, "சரி, என் கையில வைங்க" என்று உள்ளங்கையை விரித்து நீட்டினாள், பாம்பு இல்லாத பக்கமாக.